மொய் நோட்டில் ஏறாத பெயர்கள்

என் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும். அந்த ஒரு தகுதிக்காகவே பதினைந்து வயதில் என்னை மொய் எழுத உட்கார வைத்தார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஊர்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டும் என்பதில்லை. பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்வார்கள். ஒருவர் பணத்தை எண்ணிப் பெட்டியில் போட, பக்கத்தில் உட்கார்ந்து நான் ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே போவேன். சேர்ந்த பணத்தில் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுவார், இன்னொருவர் கடை வைப்பார். பிறகு விருந்து வைத்தவர் நோட்டைப் பார்த்து, மொய் செய்த ஒவ்வொருவருடைய விருந்துக்கும் போய், வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துச் செய்துவிட்டு வருவார். அன்று என் பெரியப்பா காதோரம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தொகை தப்பினால் திருத்திக்கொள்ளலாம். பெயர் விட்டுப்போனால் உறவு போய்விடும்."

இப்போது நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கிரவுட்சோர்சிங் என்ற பாடம் வரும்போதெல்லாம் அந்த நோட்டுத்தான் கண்முன் வருகிறது. ஒரு வேலையைச் சம்பள ஆளிடம் ஒப்படைக்காமல், முன்பின் தெரியாத பெருங்கூட்டத்தின் முன் திறந்து வைத்துச் செய்துகொள்வதற்கு ஜெஃப் ஹவ் என்ற பத்திரிகையாளர் 2006இல் ‘வயர்டு’ இதழில் இட்ட பெயர் அது. பெயர்தான் புதிது. 1879லேயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே, ஆங்கிலம் படிக்கும் எல்லோரும் தாங்கள் படிக்கும் நூல்களிலிருந்து சொற்களையும் வாக்கியங்களையும் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டார். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன.

ஆகவே கூட்டத்தால் முடியுமா என்ற கேள்வி எனக்கு என்றுமே இருந்ததில்லை. வந்தவர்கள் பெயரை யார் எழுதுகிறார்கள், திருப்பிச் செய்ய யார் போகிறார்கள் என்பதே என் கேள்வி.

நான் சேர்ந்திருக்கும் கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை இனவாரியாக எண்ணி, இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய தளம் அது. காணும் பொங்கல் காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்றால் மடையான், முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் கிடைக்கும். ஒருமுறை நத்தை குத்தி நாரை நாற்பது என்று போட வேண்டிய இடத்தில் 400 என்று ஏற்றிவிட்டேன். அந்த வட்டாரத்தில், அந்த மாதத்தில் இவ்வளவு எண்ணிக்கை வழக்கமில்லை என்று தளம் அதைத் தனியாக ஒதுக்கி வைத்தது. இரண்டு நாளில் ஒரு தன்னார்வலரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஐயா, இந்த எண்ணிக்கையை ஒருமுறை சரிபார்க்க முடியுமா, படம் ஏதேனும் எடுத்தீர்களா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். திருத்தினேன். நன்றி என்று பதில் வந்தது. என்னை ஒரு ஆளாக மதித்து அறிவியல் கேள்வி கேட்ட முதல் கடிதம் என்று அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டியல் என் பெயரிலேயே இருக்கிறது. ஆய்வுக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மொத்தத் தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து, 942 இனங்களைப் பற்றி ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2023இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய 2020 அறிக்கை, சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது என்று நாம் எல்லோரும் நம்பியிருந்ததைத் திருத்தியது. பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் தன் ஆட்களை மட்டும் அனுப்பி இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மொய் செய்தவர்களுக்கே அதன் பலன் திரும்பி வந்தது என்பது எனக்கு அதைவிடப் பெரிது.

வானத்தில் நடந்தது இன்னும் அழகு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கெவின் ஷவின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், தொலைநோக்கி எடுத்த விண்மீன் மண்டலங்களின் (கேலக்ஸி) படங்களில் 50,000ஐத் தன் கண்ணாலேயே பார்த்துப் பிரித்திருந்தார். உருண்டையா, சுருளா என்று பிரிப்பதில் அன்றைய கணினி தடுமாறியது. மனிதக் கண் தடுமாறவில்லை. ஆனால் இன்னும் ஏறத்தாழ 10 லட்சம் படங்கள் காத்திருந்தன. அவரும் வானியலாளர் கிறிஸ் லிண்டாட்டும் சேர்ந்து 2007 ஜூலையில் ‘கேலக்ஸி ஜூ’ என்ற பெயரில் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். ஒரே நாளில் மணிக்கு 70,000 பதில் என்ற அளவுக்கு வேகம் போனது. முதல் ஆண்டில் 1,50,000க்கும் மேற்பட்டவர்கள் 5 கோடிக்கும் அதிகமான பதில்களைத் தந்தார்கள்.

ஒரே படத்தைப் பலரிடம் காட்டி, பெரும்பான்மையை எடுத்துக்கொள்வது முறை. ஒருவர் கண் தவறினால் இருபது பேர் கண் சரிசெய்துவிடும். ஆனால் இருபது பேர் கண்ணும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்? சுருள் மண்டலங்கள் எந்தப் பக்கம் சுழல்வதாகத் தெரிகிறது என்ற கேள்வியில் அதுவே நடந்தது. இடஞ்சுழி என்ற பதில் வலஞ்சுழியைவிட அதிகமாக வந்தது. பிரபஞ்சத்துக்கே ஒரு சாய்வு இருக்கிறது என்றால் அது மிகப் பெரிய கண்டுபிடிப்பு. அவர்கள் அவசரப்படவில்லை. படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி மீண்டும் காட்டினார்கள். சாய்வு வானத்தில் இருந்திருந்தால் இப்போது வலஞ்சுழி அதிகமாக வந்திருக்க வேண்டும். மறுபடியும் இடஞ்சுழியே அதிகமாக வந்தது. சாய்வு நம் பார்வையில்தான் இருந்தது. கூட்டத்தை மதிப்பது என்றால் அதன் சொல்லைக் கேள்வி கேட்காமல் ஏற்பது என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இது.

அதே ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹனி வான் ஆர்கெல் என்ற பள்ளி ஆசிரியை, ஒரு மண்டலத்தின் கீழே ஒட்டியிருந்த கறையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். உருண்டையா, சுருளா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. வானியலாளர்கள் பார்த்தபோது, அணைந்துபோன ஒரு மண்டல மையத்தின் பழைய ஒளியில் இன்னும் மின்னிக்கொண்டிருந்த மாபெரும் வாயுக்கூட்டம் என்று தெரிந்தது. பிறகு ஹபிள் தொலைநோக்கியையே அந்தப் பக்கம் திருப்பினார்கள். அதன் பெயர் ‘ஹனியின் வோர்வெர்ப்’. டச்சு மொழியில் வோர்வெர்ப் என்றால் ‘பொருள்’. வானத்தில் ஒரு பொருள், அதில் ஒரு ஆசிரியையின் பெயர். மொய் நோட்டில் இதைவிட அழுத்தமாக யாருடைய பெயரையும் எழுத முடியாது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘ஃபோல்டிட்’ விளையாட்டையும் சொல்ல வேண்டும். புரதச் சங்கிலியை எப்படி மடித்தால் சரியாக அமரும் என்று திரையில் இழுத்து இழுத்துப் பார்க்கும் புதிர் அது. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி, பத்தாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிகொடுக்காமல் இருந்தது. விளையாடியவர்கள் மூன்றே வாரத்தில் நல்ல மாதிரி ஒன்றைத் தந்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அந்த விளையாட்டு அணிகளின் பெயர்களும் இருக்கின்றன.

நிறுவனங்களின் கதை வேறு மாதிரி போகிறது. கனடாவின் ரெட் லேக் பகுதியில் கோல்டுகார்ப் நிறுவனத்துக்கு ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. எங்கே தோண்டுவது என்று அதன் நிலவியலாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன் தலைவர் ராப் மெக்யூவன், முன்பின் தெரியாத பலர் சேர்ந்து எழுதிய லினக்ஸ் மென்பொருள் உருவான விதத்தைப் பற்றி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கேட்ட ஒரு பேச்சால் தூண்டப்பட்டு, 2000இல் சுரங்கத்தின் நிலவியல் தரவுகள் அத்தனையையும் இணையத்தில் போட்டார். அந்தத் தொழிலில் நிலவியல் தரவு என்பது பெட்டகத்துச் சாவி. மொத்தப் பரிசு 5,75,000 டாலர். வந்த இடக்குறிப்புகள் 110க்கும் மேல். அவற்றில் பாதி நிறுவனத்துக்கே தெரியாதவை. முதல் பரிசு பெற்றவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து, அந்த மண்ணை மிதிக்காமலேயே கணினி வரைபடத்தில் பார்த்துச் சொன்னவர்கள்.

வெளியாள்தான் விடை சொல்கிறார் என்பது இந்தப் போட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய், குளிரில் கெட்டித்துப் பம்புக்கு வராமல் படகுகளில் உறைந்துவிடும் சிக்கல் பல ஆண்டுகள் தீராமல் இருந்தது. தீராத சிக்கல்களுக்குப் பரிசு வைத்து விடை கேட்கும் ‘இன்னோசென்டிவ்’ தளத்தில் கேட்டபோது 2007இல் விடை சொன்னவர் எண்ணெய்த் துறையைச் சேர்ந்தவர் அல்லர். கான்கிரீட் கெட்டிப்படாமல் இருக்க வைப்ரேட்டர் போடுவார்கள் அல்லவா, அதையே எண்ணெயில் போடுங்கள் என்றார். 20,000 டாலர் பரிசு பெற்றார். நம் ஊரில் வீட்டுக்குத் தளம் போடும் எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த கருவி அது.

இவற்றை நான் குறைசொல்லவில்லை. வென்றவருக்குப் பணம் போனது, பெயரும் போனது. ஆனால் பந்தலில் சாப்பிட்டது ஒருவர் மட்டுமே. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் திரைப்படப் பரிந்துரையை 10 சதவீதம் மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று 2006இல் அறிவித்தபோது 40,000க்கும் மேற்பட்ட அணிகள் பதிவு செய்தன. 2009இல் ஒரு அணி வென்றது. அதே மதிப்பெண்ணை எட்டிய இன்னொரு அணி, இருபது நிமிடம் தாமதமாக அனுப்பியதால் தோற்றது. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவுக்கு வருவது வேறு கூட்டம். போட்டிக்கு வைக்கப்பட்ட 10 கோடி மதிப்பெண்களும் ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் படம் பார்த்துவிட்டுப் போட்டவை. பெயரை நீக்கித்தான் வெளியிட்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், வேறு தளத்தில் வெளிப்படையாக இருந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, அந்தப் பட்டியலில் சிலரை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். 2010இல் இரண்டாம் போட்டி கைவிடப்பட்டது. அந்தச் சந்தாதாரர்களை யாரும் பந்தலுக்கு அழைக்கவில்லை. அவர்கள் வீட்டு நெல்லை எடுத்துத்தான் சோறு வடித்தார்கள்.

பல்கலைக்கழகம் நல்லது, வணிகம் கெட்டது என்று கோடு போட்டுவிட்டால் எளிதாக இருக்கும். அந்தக் கோடு நிற்காது. நாம் மனிதர்தான் என்று நிரூபிக்க இணையத்தில் கோணல்மாணலான எழுத்துகளைத் தட்டச்சு செய்தோமே, அந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன். உலகம் நாள்தோறும் 20 கோடி முறை, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி இதற்குச் செலவழிக்கிறது, மொத்தம் 5 லட்சத்துக்கும் அதிகமான மணிநேரம் வீணாகிறது என்று அவர் மனம் உறுத்தியது. அதனால் 2007இல் ரீகேப்சாவைக் கொண்டுவந்தார். இரண்டு சொற்கள் வரும். ஒன்று கணினிக்குத் தெரிந்தது, மற்றது பழைய நூல்களிலிருந்தும் நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்களிலிருந்தும் எடுத்தது, கணினியால் படிக்க முடியாதது. நாம் படித்துச் சொன்னோம். முதல் ஓராண்டில் 44 கோடிச் சொற்கள் படிக்கப்பட்டன. நல்ல மனதில் பிறந்த நல்ல திட்டம். 2009இல் கூகுள் அதை வாங்கியது. பின்னர் நூல்களுக்குப் பதிலாகக் கதவிலக்கங்கள் வந்தன, போக்குவரத்து விளக்குகள் வந்தன. வேலை அதேதான். யாருக்காகச் செய்கிறோம் என்பது மட்டும் நமக்குச் சொல்லப்படாமலே மாறிவிட்டது.

1770இல் வியன்னாவில் கெம்பெலன் என்பவர், தானாகச் சதுரங்கம் ஆடும் தலைப்பாகைப் பொம்மை ஒன்றை அரசி முன் காட்டினார். பெட்டிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்து ஆடினார். 2005இல் தொடங்கிய தன் துண்டுவேலைச் சந்தைக்கு அமேசான் இட்ட பெயர் ‘மெக்கானிக்கல் டர்க்’. அந்தப் பொம்மையின் பெயரேதான். படத்தில் இருப்பது நாயா பூனையா, இந்த ஒலித்துண்டில் என்ன பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு துண்டுக்கும் சில சென்ட் கூலி. வேலை கொடுத்தவர் பிடிக்கவில்லை என்று நிராகரித்தால் கூலி இல்லை. பிரின்ஸ்டனில் தொடங்கிய ஃபெய்-ஃபெய் லீயின் ‘இமேஜ்நெட்’, 1.4 கோடி படங்களுக்குப் பெயர் சூட்டியது இந்தச் சந்தையில்தான். 167 நாடுகளைச் சேர்ந்த 49,000 பேர் உட்கார்ந்து செய்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவின் பாய்ச்சல் அந்தப் படக்குவியலிலிருந்து தொடங்கியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த 49,000 பேரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். தமிழர்களும் நிறைய. 2012இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம், உருது ஆகிய ஆறு மொழிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்புத் தரவை உருவாக்கியது. அந்தந்த மொழி விக்கிப்பீடியாவில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரைகளை எடுத்து, வாக்கியம் வாக்கியமாக இந்தச் சந்தையில் ஆங்கிலத்துக்கு மாற்ற வைத்தார்கள். நம் மொழி கணினிக்குள் நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. இதில் இரண்டு கூட்டம் இருக்கிறது. அந்தக் கட்டுரைகளைத் தமிழில் எழுதியவர்கள் ஒரு காசும் வாங்கவில்லை; ஆனால் விக்கிப்பீடியாவின் ‘வரலாறு’ பக்கத்தில் யார், எந்த நாள், எந்த வரியைச் சேர்த்தார் என்பதெல்லாம் பதிவாகி இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் சில சென்ட் வாங்கினார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. சில சென்ட்டுக்கு அதையும் சேர்த்தே வாங்கிவிட்டார்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி அறந்தாங்கியில் வீட்டிலிருந்தபடி இப்படிப்பட்ட வேலை செய்கிறாள். இது வேறு தளம், பெயர் வேண்டாம். தெருப் படங்களில் வண்டிகளைச் சுற்றிக் கட்டம் வரைய வேண்டும். ஒரு மாலையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, முந்தின இரண்டு இரவுகளின் வேலை முழுவதும் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் சொல்லவில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. நானும் கூட உட்கார்ந்து சில படங்களைப் பார்த்தேன். எனக்குக் குறை தெரியவில்லை. எனக்கு நாரைக் கணக்குக்காக வந்த அந்த மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. அவள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினாள். தேதி, எத்தனை படம், எத்தனை ஏற்கப்பட்டது, எவ்வளவு வர வேண்டும் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். மொய் வாங்கியவர் நோட்டு வைக்காததால், செய்தவளே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பெங்களூருவின் ‘கார்யா’ அமைப்பு, கிராமத்தவர்களிடம் தாய்மொழியில் குரல் பதிவு வாங்கும்போது மணிக்கு 5 டாலருக்குக் குறையாத கூலி தருகிறது. அந்தத் தரவு மறுபடி விற்கப்பட்டால் பேசியவர்களுக்கும் பங்கு உண்டு. வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யும் முறை அது.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டுக்கொண்டபோது ஒரு விஷயம் தொண்டையில் நின்றது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. இரண்டு மாதம் கழித்து, 2019 தை மாதத்தில், என் மாணவர்களைப் பதினான்கு ஊர்களுக்கு அனுப்பினேன். வீட்டுக்கு எத்தனை மரம், எத்தனை வயது மரம், எத்தனை விழுந்தது என்று மக்களே தங்கள் கைபேசியில் படிவத்தை நிரப்பித் தந்தார்கள். இழப்பின் நடுவே நின்றுகொண்டு தந்தார்கள். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன், ஆங்கிலத்தில். கருத்தரங்கில் கைதட்டல் கிடைத்தது. ஊர்களுக்குத் திரும்பிப் போகவே இல்லை.

2022இல் கீரமங்கலத்தில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டார். "தம்பி, எங்கள் மரத்தையெல்லாம் எண்ணிக்கொண்டு போனீர்களே, அந்தக் கணக்கு என்ன ஆயிற்று?" அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் கட்டுரையைத் தமிழில் ஆறு பக்கமாக எழுதி, ஊர்வாரியாக அட்டவணை போட்டு, படிவம் தந்தவர்கள் பெயர்களைப் பின்னால் சேர்த்து அச்சடித்தேன். பெயர் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டோம். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் ஊரில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் முப்பது பேர் உட்கார்ந்தார்கள். அட்டவணையை வாசித்தேன். இத்தனை வயது மரம் அதிகம் விழுந்திருக்கிறது, இந்த வயது மரம் தாக்குப்பிடித்திருக்கிறது என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து நின்றார்.

"நீங்கள் வந்து கேட்டது தையில். விழுந்த மரத்தைத்தான் கேட்டீர்கள், சொன்னோம். குருத்து முறுக்கிக்கொண்டு நின்ற மரங்கள் ஆடிக்குள் பட்டுப்போயின. எங்கள் தோப்பில் விழுந்ததைவிட அதுதான் அதிகம். அது இதில் எங்கே இருக்கிறது?"

இல்லை என்றேன். பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் தோப்புக் கணக்கைச் சொல்லத் தொடங்கினார்கள். கூட வந்த மாணவன் பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் பையன். நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலில் அந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன்.